தரகு அவர்களுக்கு, பொறுப்பு யாருக்கு?

2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுமார் முப்பது இடங்களில் சுங்கத்துறை ஒரே நேரத்தில் சோதனை நடத்தி 36 வாகனங்களைப் பறிமுதல் செய்தது. 'நும்கோர்' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். பூடான் நாட்டு மொழியில் வாகனம் என்று பொருள். லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டொயோட்டா லேண்ட் குரூசர், நிசான் பேட்ரோல் என்று, பழைய வண்டிப் பித்துக் கொண்டவர்கள் கோயில் தேரைப் போலப் போற்றும் வகைகள் அவை. முன்னணித் திரைப்பட நடிகர்களின் வீடுகளும் சோதனைக்கு உள்ளானதால் ஊடகங்கள் ஒரு வாரம் கொண்டாடின. பிறகு மறந்துவிட்டன. மறக்கக்கூடாத பகுதி நடிகர்களைப் பற்றியதல்ல, காகிதங்களைப் பற்றியது.

சுங்கத்துறையின் கூற்று இது: பூடானில் மலிவாக ஏலம் போன வண்டிகள் வரி செலுத்தாமல் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டன. இந்திய இராணுவம், அமெரிக்கத் தூதரகம், வெளியுறவு அமைச்சகம் ஆகியவை பயன்படுத்தி விற்ற வண்டிகள் என்று காட்டும் போலி ஆவணங்கள் அவற்றுக்காகத் தயாரிக்கப்பட்டன. அந்த ஆவணங்களைக் கொண்டு இமாச்சலப் பிரதேசம், அருணாச்சலப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் பதிவு பெறப்பட்டது. அங்கிருந்து அவை பல மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. இந்த வலைப்பின்னலின் ஒரு முனை நமது கோயம்புத்தூரில் இருப்பதாகவும் கூறப்பட்டது. அக்டோபர் 8 அன்று அமலாக்கத்துறையும் களத்தில் இறங்கியது. அந்தத் துறை அரசியல் எதிரிகள்மீது ஏவப்படுவது குறித்து நமக்குள்ள விமர்சனம் வாசகர்கள் அறிந்ததே. ஆயினும் போலிப் பதிவு பற்றிச் சுங்கத்துறை எழுப்பியுள்ள கேள்விகள் அதனால் மறைந்துவிடா. வண்டிகளை வாங்கியவர்களில் சிலர், பதிவுச் சான்றை நம்பி நேர்மையாக விலை கொடுத்தோம் என்கின்றனர். அதன் உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அரசு முத்திரையுள்ள சான்றை நம்பி வாங்கியவர் ஏமாறக்கூடும் என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

கோடீசுவரர்களின் பொழுதுபோக்குக் கார்களைப் பற்றி உழைப்பாளி மக்களின் கட்சி ஏடு ஏன் தலையங்கம் எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை சற்று நீளமானது.

பழைய காரின் மதிப்பு அதன் இரும்பில் இல்லை. இன்ன ஆண்டு, இன்ன தொழிற்சாலையில் செய்யப்பட்டது, இன்னாரிடம் இருந்தது, எஞ்சினும் அடிச்சட்டமும் மாற்றப்படவில்லை என்று சொல்லும் காகிதத்தில்தான் இருக்கிறது. காகிதம் போனால் மிஞ்சுவது மாயாபுரி சந்தையில் எடைக்கு விலை போகும் பொருளே. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகள் இதை இன்னும் கூர்மையாக்கின. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் பெரிதும் மாறாத வண்டி 'விண்டேஜ்' எனப்படும். அதன் எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இடம்பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பதிவு செல்லுபடியாவது பத்தாண்டுகள். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ அதைச் சாலையில் ஓட்டலாகாது. இறக்குமதியான வண்டியெனில் சுங்க நுழைவுச் சீட்டும் வேண்டும். ஆக, வண்டியின் வயதும் வரலாறும் தாளில் எழுதப்படுகின்றன. எழுதுபவனை விலைக்கு வாங்கிவிட்டால் வயதும் வரலாறும் விலைக்கு வந்துவிடும்.

சங்க காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தில், துறைமுகப் பண்டங்களின்மீது சோழனின் புலிப் பொறியை இட்ட பிறகே அவை வெளியே சென்றன என்று பட்டினப்பாலை கூறுகிறது. பொறி இட்டவன் காவலாளி, பொறுப்பு அரசனுடையது. இன்று அந்தப் புலிப் பொறி 'வாகன்' என்னும் கணினித் தரவுத்தளம். எங்கோ மலை மாநிலத்தின் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் யாரோ ஒருவர் தட்டச்சு செய்யும் பொய், மறுகணமே கன்னியாகுமரியிலும் மெய்யாகிவிடுகிறது. மையப்படுத்தலின் பெருமை பேசுவோர் இந்த ஏற்பாட்டில் பொய்யும் மையப்படுத்தப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை.

இனி நம்மவர்களுக்கு வருவோம். தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற நிலை, 2014-15இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணைகளிலிருந்து வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே தரக்கூடாது என்றார்கள். தில்லியில் மட்டும் சுமார் 62 லட்சம் வண்டிகள் இந்த வரையறைக்குள் வந்தன. மக்களின் கொதிப்பு கண்டு சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமாகச் சுருக்கியது. காற்றின் நஞ்சு உண்மை. அதைக் குறைப்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் தடுமாறித் தடுமாறி எழுதப்பட்ட இந்த ஆணைகளின் ஒவ்வொரு திருப்பத்திலும், அஞ்சிய உரிமையாளர் தன் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட முனைகிறார். வண்டி இணையத்தில் விளம்பரமாகிறது, கரோல் பாக் தரகர்களின் கைக்குப் போகிறது, தடையின்மைச் சான்றுடன் வேறு மாநிலத்துக்குப் புறப்படுகிறது. தமிழ்நாட்டில் 'டெல்லி வண்டி' என்பது ஒரு தனி வணிகச் சொல்லாகவே ஆகிவிட்டது.

அதை வாங்குபவர் நடிகரல்லர். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கத் துணிந்த ஓட்டுநர், காய்கறி ஏற்றும் சிறுவணிகர், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் குடும்பத்துக்கு முதல் கார் வாங்கும் தொழிலாளி. நகையை அடகு வைத்த பணம் அது. விபத்தில் நொறுங்கி, காப்பீட்டு நிறுவனம் 'முழு இழப்பு' என்று கழித்துவிட்ட வண்டியின் காகிதத்தை விலைக்கு வாங்கி, அதே வகையைச் சேர்ந்த திருட்டு வண்டியில் அந்த அடிச்சட்ட எண்ணைப் பொறிப்பது தில்லிக் காவல்துறை பலமுறை கண்டறிந்த உத்தி. அவ்வண்டியை வாங்கியவர் ஒருநாள் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படும்போது வண்டி பறிமுதலாகிறது, பணம் போகிறது, போதாக்குறைக்குத் திருட்டுப் பொருளை வைத்திருந்தவர் என்ற சந்தேகமும் சேர்கிறது. மற்றொரு வகை மோசடியில் வண்டியே இருப்பதில்லை. இராணுவ வீரர் என்று சொல்லிக்கொள்பவர், சீருடைப் படமும் போலி அடையாள அட்டையும் காட்டி, 'மாற்றலாகிப் போகிறேன், அவசர விற்பனை' என்று முன்பணம் வாங்கி மறைகிறார். கோடி ரூபாய் மோசடியும் ஆயிரம் ரூபாய் மோசடியும் இராணுவத்தின் பெயரையே நாடுவது தற்செயல் அல்ல. எந்தப் பெயரைச் சொன்னால் இந்நாட்டில் எவரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதை மோசடிக்காரர்கள் நன்கு படித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த விற்பனைகளில் பெரும்பகுதி இன்று இணையவழிச் சந்தைத் தளங்களின் வழியே நடக்கிறது. அவற்றின் பொறுப்பு என்ன?

சட்டத்தின் வரலாறு தில்லியில் தொடங்குகிறது. 2004 டிசம்பரில், பாசி டாட் காம் என்ற ஏலத் தளத்தில் ஒருவர் ஆபாசக் காணொளி ஒன்றை விற்பனைக்கு வைத்ததற்காக, அத்தளத்தின் தலைமை அதிகாரி தில்லிக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். அந்நிறுவனத்தை அமெரிக்காவின் ஈபே அவ்வாண்டுதான் வாங்கியிருந்தது. தொழில்துறை முழுவதும் அலறியது. 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டு, 79ஆம் பிரிவு புதிய வடிவம் பெற்றது. மூன்றாம் நபர் இட்ட தகவலுக்கு, வெறும் இடைநிலையாளரான தளம் பொறுப்பாகாது. உரிய கவனம் செலுத்தியிருந்தால் போதும். தவறு தெரியவந்த பின் நீக்கினால் போதும். தெரியவருவது எப்படி? நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் என்று 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொருள் கூறியது.

அந்தத் தீர்ப்பை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஏனெனில் அது கருத்துரிமையைக் காத்த தீர்ப்பு. ஆட்சியாளரைக் கேலி செய்யும் ஒரு பதிவை, எவரோ புகார் செய்தார் என்பதற்காக நீக்க வேண்டியதில்லை என்பது ஜனநாயகத்துக்குத் தேவையான கவசம். ஆனால் பேச்சுக்குத் தரப்பட்ட அதே கவசத்தைப் போர்த்திக்கொண்டு வணிகம் தப்பிக்கிறது. பேச்சுக்குத் தளம் தரகு வாங்குவதில்லை, விற்பனைக்கு வாங்குகிறது. பணம் கொடுத்தவரின் விளம்பரத்தை மேலே ஏற்றுகிறது, 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை அடையாளம் இடுகிறது, கடன் ஏற்பாடு செய்கிறது, காப்பீடு விற்கிறது. இத்தனையும் செய்தவர் வெறும் சுவர்தான், சுவரில் ஒட்டியதற்கு நான் பொறுப்பல்ல என்றால் யார் நம்புவது?

ஒன்றிய அரசின் அக்கறை எத்திசையில் என்பதையும் இங்கே பார்க்கலாம். கேரளச் சோதனைக்கு மறுநாள், செப்டம்பர் 24 அன்று, 'சகயோக்' இணையவாயிலை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இதே 79ஆம் பிரிவைக் கொண்டு பதிவுகளை நீக்கச் சொல்லும் அதிகாரத்தை எண்ணற்ற அதிகாரிகளின் கையில் தரும் ஏற்பாடு அது. அரசை விமர்சிக்கும் பதிவை நீக்க இத்தனை அதிகாரிகள். திருட்டு வண்டியின் விளம்பரத்தை நீக்க ஏமாந்தவர் யாரைத் தேடிப் போவது?

தில்லி உயர் நீதிமன்றம் இவ்விஷயத்தில் இரு திசைகளில் சென்றது. 2018 நவம்பரில், போலி ஆடம்பரப் பொருட்கள் தொடர்பாகக் கிறிஸ்டியன் லூபூட்டின் தொடுத்த வழக்கில் நீதிபதி பிரதிபா எம். சிங், தளம் என்னென்ன செய்கிறது என்று இருபதுக்கும் மேற்பட்ட பணிகளைப் பட்டியலிட்டு, விற்பனையில் முனைந்து பங்கேற்கும் தளம் இடைநிலையாளர் என்ற கவசத்தைத் தானாகவே கோர முடியாது என்றார். 2020 ஜனவரியில், அமேசானுக்கும் ஆம்வேக்கும் இடையிலான வழக்கில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, முனைப்பான தளம், முனைப்பற்ற தளம் என்ற வேறுபாடே சட்டத்தில் இல்லை என்றது. இரண்டு வழக்குகளிலும் வாதாடியவை பெரும் நிறுவனங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் முத்திரைக்கு ஆபத்து வந்தபோது லூபூட்டினுக்கு மூத்த வழக்கறிஞர் கிடைத்தார். கரோல் பாக்கில் ஏமாந்த ஓட்டுநருக்குக் கிடைப்பது காவல் நிலையத்தின் மர பெஞ்சு.

நுகர்வோர் சட்டம் உதவாதா? 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நல்லதே. ஆனால் பொருளின் உண்மைத் தன்மைக்கு உறுதி கூறினால் அதற்குரிய பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற விதி, சரக்கைத் தானே வைத்து விற்கும் நிறுவனத்துக்குத்தான் எழுதப்பட்டது; சந்தைத் தளத்துக்கு அல்ல. மேலும், தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் விற்கும் நபரின் செயலுக்கு இவ்விதிகள் பொருந்தா. பழைய வண்டி விற்பனையில் ஏமாற்றுபவர் எல்லோருமே 'என் சொந்த வண்டி' என்றுதான் தொடங்குகிறார். வேலி போட்டவர்களே வாயிலையும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வாயில் ஏன் திறந்திருக்கிறது? அந்நிய மூலதனக் கொள்கையைப் பார்த்தால் விளங்கும். 2016 மார்ச்சில், சந்தைத் தளம் என்ற வடிவில் நூறு விழுக்காடு அந்நிய முதலீடு அனுமதிக்கப்பட்டது. சரக்கைத் தானே வைத்து விற்கும் வடிவில் அனுமதி இல்லை. சில்லறை வணிகத்தைக் காப்பதற்கான எல்லைக்கோடு இது என்றார்கள். நடந்தது வேறு. விலையையும் தள்ளுபடியையும் எந்தப் பொருள் முதலில் தெரிய வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்திக்கொண்டே, 'நாங்கள் சந்தை மட்டுமே' என்ற பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளும் கலையில் பெருமூலதனம் தேர்ந்தது. பெயர்ப்பலகை இரட்டைப் பயன் தந்தது: முதலீட்டுக்கு அனுமதி, பொறுப்பிலிருந்து விலக்கு.

2021 ஜூன் 21 அன்று இதே ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. விற்பனையாளரின் அலட்சியத்தாலோ தவறாலோ வாங்கியவருக்கு இழப்பு நேர்ந்தால், சந்தைத் தளம் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. தொழில்துறையினர் கடுமையாக எதிர்த்தனர். வரைவு வரைவாகவே உறங்குகிறது. ஒரே கூட்டத் தொடரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றிய வேகம் இதற்கு ஏனோ வரவில்லை.

இருக்கிற விதிகளின்படி விதிக்கப்படும் தண்டம் எவ்வளவு என்பதற்கு 2022 ஆகஸ்டின் ஓர் ஆணை சான்று. கட்டாயத் தர முத்திரை இல்லாத 2,265 பிரஷர் குக்கர்கள் அமேசான் தளத்தில் விற்கப்பட்டிருந்தன. அவ்விற்பனையால் நிறுவனம் கட்டணமாகப் பெற்றது 6,14,825 ரூபாய். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்த அபராதம் ஒரு லட்சம். குக்கர்களைத் திரும்பப் பெறவும் ஆணையிட்டது என்பது உண்மை. ஆனால் ஆறு லட்சம் சம்பாதித்தவனுக்கு ஒரு லட்சம் தண்டம் என்பது தண்டம் அல்ல, வாடகை. அதையும் எதிர்த்து நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். வண்டியை விற்ற சாதாரண மனிதனிடம் சட்டம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது! விற்றவர் பெயர்மாற்றம் செய்யாமல் விட்டு, வண்டி மேலும் பலர் கைமாறிய பிறகு விபத்து நேர்ந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவர் யாரைத் தேடுவது என்று அலையக்கூடாது என்பது அதன் நியாயம். அதை மறுக்க முடியாது. 2025 நவம்பர் 10 அன்று செங்கோட்டை அருகே குண்டுவெடிப்பு நிகழ்ந்தபோது, அதில் பயன்பட்ட கார் பலர் கைமாறியது என்பதும், காவல்துறை முதலில் தேடிப் போனது எப்போதோ அதை விற்றுவிட்ட குருகிராம்வாசியை என்பதும் நாடறிந்த செய்தி. தாளில் பெயர் இருந்தால் அந்த அளவுக்குப் பொறுப்பு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விளம்பரத்துக்கும் சேவைக்கும் பணம் வாங்கும் தளத்தின் பெயரோ எந்தத் தாளிலும் இல்லை.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பழைய வண்டி வணிகர் விதிகள் இந்தத் திசையில் ஒரு சரியான அடி. வணிகர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை ஒப்படைத்த தகவல் பதிவானதும், சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர். அதுவரை நடப்பதற்கெல்லாம் அவரே பொறுப்பு. மாட்டுச் சந்தைத் தரகருக்குத் துண்டுக்குள் விரல்பிடித்து முடித்த பேரத்துக்கு அடுத்த வாரமும் அதே மரத்தடியில் பதில் சொல்லும் கடமை இருந்தது. அதைத்தான் இவ்விதி சட்டமொழியில் எழுதியிருக்கிறது. ஆனால் வண்டியைக் கையில் வாங்கி விற்பவரைத்தான் அது பிடிக்கும். கையில் வாங்காமல் திரையில் மட்டும் காட்டிப் பணம் பார்ப்பவர் இங்கும் தப்புகிறார். வாழ்வாதாரத்துக்காகப் பத்து வண்டி வைத்து நடத்தும் சிறு வணிகருக்கு அங்கீகாரமும் பதிவேடும். பல்லாயிரம் வண்டிகளை விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு விலக்கு.

இது தவிர்க்க முடியாத தொழில்நுட்ப விதி என்று வாதிடுவோர் உலகைப் பார்க்கட்டும். வாங்குவோரின் உரிமை மீறப்படுவது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும், நடவடிக்கை எடுக்காத தளம் விற்பனையாளருடன் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று சீனத்தின் மின்வணிகச் சட்டம் 2019 முதல் கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி முதல், வணிகரின் அடையாளத்தைத் திரட்டி, இயன்றவரை சரிபார்த்த பிறகே தளம் அவரை விற்க அனுமதிக்க வேண்டும். மூலதனத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே, ஓர் அளவுக்கு மேல் விற்கும் மூன்றாம் தரப்பு விற்பனையாளரின் அடையாளத்தையும் வங்கிக் கணக்கையும் சரிபார்க்கும் கடமை 2023 ஜூன் முதல் தளங்களுக்கு உண்டு. வெளிநாட்டில் இதற்கெல்லாம் உடன்பட்டு வணிகம் செய்யும் நிறுவனங்கள், இந்தியாவில் மட்டும் இயலாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை.

வண்டிகளைப் பொறுத்தவரை இது இன்னும் எளிது. குக்கருக்குப் பதிவேடு இல்லை, வண்டிக்கு உண்டு. விளம்பரத்தை ஏற்கும் முன் பதிவெண், அடிச்சட்ட எண், விற்பவரின் அடையாளம் ஆகியவற்றை 'வாகன்' தரவுடனும் திருட்டு வண்டிப் பட்டியலுடனும் 'முழு இழப்பு' எனக் கழிக்கப்பட்டவற்றுடனும் ஒப்பிட்டுப் பார்ப்பது தளத்தின் கடமையாக்கப்பட வேண்டும். ஒப்பிடாமல் வெளியிட்டால் இழப்பில் பங்கேற்க வேண்டும். 'சரிபார்க்கப்பட்டது' என்று அடையாளம் இட்டால் முழுப் பொறுப்பும் அதற்கே. காப்பீட்டு நிறுவனங்கள் கழித்த வண்டிகளின் பதிவை உடனுக்குடன் நீக்குவதும், பிற மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டியின் மூல ஆவணத்தை வழங்கிய அலுவலகத்திடமே நேரில் உறுதி செய்துகொள்வதும் அரசின் வேலை. இராணுவமும் தூதரகங்களும் கழித்து விற்கும் வண்டிகளின் பட்டியலைப் பொதுவெளியில் வைத்தாலே பாதி மோசடி தொடங்கும் முன்பே முடங்கிவிடும். போலிப் பதிவு செய்த அலுவலர்களையும், அவர்களுக்கு மேலிருந்து கண்மூடியவர்களையும் விட்டுவிட்டு, வாங்கியவரின் வீட்டு வாசலில் மட்டும் நிற்கும் விசாரணை பாதி விசாரணையே.

தரவு ஒப்பீடு என்ற பெயரில் குடிமக்களின் விவரங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு மொத்தமாகத் திறந்துவிடும் யோசனையை நாம் ஏற்கவில்லை. 2019இல் இதே வாகனத் தரவை ஒன்றிய அரசு மொத்தமாக விலைக்கு விற்ற கதை தெரிந்ததே. எதிர்ப்புக்குப் பின் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. தளம் ஒரு வண்டியைப் பற்றிக் கேட்டால், 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை' என்ற ஒற்றைச் சொல் விடை போதும்.

2021 வரைவின் கதி என்ன, எந்த நிறுவனங்கள் எழுத்து மூலம் எதிர்த்தன என்ற கேள்வியை வரும் கூட்டத் தொடரில் இடதுசாரி உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும். அதற்கு ஆதாரங்கள் வேண்டும். சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கங்களில் பணியாற்றும் தோழர்களிடம் இத்தகைய வழக்குகள் ஏராளமாக வந்திருக்கும். பணம் பறிபோனதாக ஒருவர் வந்தால் உடனே 1930 எண்ணில் புகார் பதியச் செய்யுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும் தனித்தனியே புகார் செய்யுங்கள். விளம்பரத்தின் படம், அதில் இருந்த 'சரிபார்க்கப்பட்டது' அடையாளம், பணம் கட்டிய ரசீது, தளம் அனுப்பிய பதில் ஆகியவற்றின் நகல்களை, பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலோடு, மாவட்டக் குழு அலுவலகத்தில் சேர்த்து வையுங்கள். விளம்பரம் ஓரிரு நாட்களில் மறைந்துவிடும் என்பதால் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.